காய்ச்சாத பால்

வெள்ளிக்கிழமை என்றால் ஆதம் விடிந்ததிலிருந்தே வார்டு வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். லக்பத் பக்கத்திலிருந்து அவன் மனைவி வருகிற பஸ் மதியத்துக்கு மேல்தான் ஊருக்குள் நுழையும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கண் கேட்க வேண்டுமே. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பான். இடுப்பைத் திருப்பினால் முதுகெலும்புக்குள் கடப்பாரையை விட்டு நெம்புகிற மாதிரி வலி கிளம்பும்.

"என்ன ஆதம் பாய், இன்னிக்கும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசல்லயே கண்ணா?" என்பான் பக்கத்துக் கட்டில் கானஜி.

கானஜி எருமை வளர்க்கிற ஆகிர் ஜாதிக்காரன். பைக்கில் போய் எருமை மீது மோதிக் கணுக்காலுக்கு மேலே எலும்பை உடைத்துக்கொண்டவன். அதுவும் சொந்த எருமை. உள்ளே வைத்த கம்பியைச் சுற்றிச் சீழ் பிடித்து, கம்பியை உருவி, எலும்பைச் சுரண்டி, இப்போது காலைச் சுற்றி இரும்பு வளையங்களோடு கிடக்கிறான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அந்த வார்டில் இருந்த எல்லோருமே எலும்பில் கிருமி புகுந்தவர்கள்தான். அங்கே யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போவதில்லை. சதையில் இருக்கிற கிருமியை மருந்து விரட்டிப் பிடித்துவிடும். எலும்புக்குள் புகுந்தது வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரன் மாதிரி. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஆதமுக்கு எலும்பு எதுவும் உடையவில்லை. குளிர் முடிகிற சமயத்தில் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்தது. பிறகு முதுகு. படம் எடுத்துப் பார்த்தபோது இடுப்புக்கு மேலே இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் அரித்துப் போயிருந்தன. முதுகெலும்பு அரித்தால் இந்தப் பக்கத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது டி.பி.தான். அந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள். கொஞ்சம் தேறினான். பிறகு தேறியது அங்கேயே நின்றுவிட்டது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது கரையின் நினைப்பு. அவனுடைய ஒட்டகங்கள் மற்ற ஒட்டகங்களைப் போல மண்ணைத் தின்றுகொண்டு மணலில் அலைகிற ஜாதி அல்ல. கடலில் நீந்துகிறவை. மழை வரப்போகும் வேளையில் கடற்கழியைக் கடந்து, எதிரே இருக்கிற தீவின் அலையாத்திக் காட்டுக்குப் போய்விடும். மழைத் தண்ணீர் குட்டையில் நிற்கும்வரை அங்கேதான் வாசம். கூடவே ஆதமும் போவான். உப்புத் தண்ணீரில் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒட்டகங்கள் வரிசையாக நீந்துவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறான், இன்னும் அலுக்கவில்லை. முன்னால் போகிறவள் கேசர். குங்குமப்பூ நிறத்தில் இருப்பாள் என்று அந்தப் பெயர். அவள் தண்ணீரில் கால் வைத்தால்தான் மற்றவை வைக்கும். அவள் நின்றால் மந்தையே நிற்கும், அடித்தாலும் நகராது.

இந்தக் குளிர்காலத்தில் கேசரின் கன்று செத்துப் பிறந்தது. பாதி வந்து நின்றுவிட்ட கன்றை ஆதம்தான் முழங்கைவரை கைவிட்டு இழுத்துப் போட்டான். கன்று இல்லாத ஒட்டகம் பாலை மடிக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும். கேசர் வேறு யாருக்கும் பால் விடவில்லை. ஆதமின் வாசனை மூக்கில் ஏறினால் மட்டும் விட்டாள். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவன் மனைவி ஹூர்பாய் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் போர்த்திய, நீலமும் சிவப்புமாக அச்சிட்ட அஜ்ரக் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கறக்கப் போனாள். கேசர் துண்டை முகர்ந்தாள், ஹூர்பாயின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி துண்டை முகர்ந்தாள். ஏமாறச் சம்மதித்துப் பாலை விட்டாள்.

ஆகையால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பண்டமாற்று. ஹூர்பாய் ஈரத்துணி சுற்றிய தூக்குவாளியில் பால் கொண்டுவருவாள். ஆதம் ஒரு வாரம் போர்த்திய துண்டைக் கழற்றிக் கொடுப்பான். அவள் முந்தின வாரத் துண்டைத் திருப்பித் தருவாள். அதில் கேசரின் எச்சிலும் கடல் உப்பும் ஹூர்பாயின் வியர்வையும் கலந்த ஒரு நெடி இருக்கும். ஆதம் அந்த வாரம் முழுவதும் அதற்குள்தான் மூச்சு விடுவான்.

"இந்தத் துணியை ஒரு தடவையாவது துவைக்கக் குடுங்களேன் பாய்," என்று நர்ஸ் ஹன்ஸாபென் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்காத நாளில்லை.

"துவைச்சா ஒட்டகம் கோவிச்சுக்கும் பென்," என்பான். அந்தப் பக்கத்தில் அக்காவுக்குப் பென்.

"இங்க நான் கோவிச்சுக்கறது யார் கண்ணுக்கும் தெரியலையாக்கும்."

வெளிச் சாப்பாடு கூடாது என்று வார்டில் கண்டிப்பு. அதனால் பாலை ஹன்ஸாபென் மருந்து அறைக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் குடிப்பான். நுரை அடங்கி, ஈரத்துணியின் குளிர்ச்சியோடு, லேசாக உப்புக் கரிக்கிற பால். காய்ச்சக் கூடாது; காய்ச்சினால் ஒட்டகத்தின் மடி வற்றிப் போகும் என்பது ஆதமின் தாய் வீட்டு நம்பிக்கை. ஒரு வாய் குடித்ததும் கட்டில், விளக்கு, பினாயில் நாற்றம் எல்லாம் மறைந்து கழி தெரியும்.

"எனக்கு ஒரு சொட்டுக் குடேன்," என்றான் ஒருநாள் கானஜி.

"எருமைப் பால் குடிச்சு வளந்த நாக்குக்கு இதெல்லாம் புரியாது."

"சரிதான் போ. எருமை என் காலைத்தான் உடைச்சுது. ஒட்டகம் உன்னை மொத்தமாவே படுக்க வச்சிருச்சு."

கானஜி விளையாட்டாகத்தான் சொன்னான். ஆதமுக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. வார்டுக்கு வந்த புதிதில் டாக்டர் அந்தானி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நெடுநேரம் கேட்டாள். அந்த அம்மாள் நின்றுகொண்டு கேட்கிற ரகம் அல்ல.

"காய்ச்சாத பால் குடிக்கிற பழக்கம் உண்டா ஆதம் பாய்?"

"இல்ல டாக்டர் பென். டீயில ஊத்துற பால்தான்."

"வீட்டுல ஆடு மாடு ஒட்டகம் ஏதாவது கன்னு கலைஞ்சுதா? செத்துப் பிறந்துதா? நீங்க கை வச்சு எடுத்தீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? இல்ல."

இந்தக் கேள்வி அவன் காதில் முன்பே ஒருதரம் விழுந்திருக்கிறது. மாமனின் ஆட்டுப் பட்டியில் கால்நடை டாக்டர் இதையேதான் கேட்டார். மாமன் உண்மையைச் சொன்னார். ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். சில ஆடுகளின் காதில் அடையாள வில்லை மாட்டித் தனியே ஓட்டிப் போனார்கள். அவை திரும்பி வரவில்லை. மாமன் அன்று காலிப் பட்டியில் உட்கார்ந்திருந்த கோலம் ஆதமின் கண்ணிலேயே நின்றுவிட்டது. கேசரின் காதில் ஒரு வில்லையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன் கையில் அந்தச் செத்த கன்றிடமிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டது என்று அவனுக்கு உள்ளூரச் சந்தேகம்தான். கை தானே தொட்டது, உடம்பு அனுபவிக்கட்டும் என்று விட்டான். பாலை மட்டும் அவன் சந்தேகப்பட மறுத்தான். தாயைச் சந்தேகப்பட எவனுக்கு மனசு வரும்?

டாக்டர் அந்தானி விடவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, முதுகு வழியாக நீளமான ஊசி ஒன்றை எலும்புக்குள் இறக்கி, துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். கிருமி எதுவென்று தெரிந்தால்தான் மருந்து எதுவென்று தெரியும் என்றாள். ஆதம் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். பரிசோதனைக்கூடத்தில் துணுக்கைக் கிருமி வளர்க்கிற தட்டில் இட்டு, வழக்கமாக வைத்துப் பார்க்கிற காலம்வரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. தட்டை வீசிவிட்டார்கள்.

"டி.பி.யும் தெரியல, வேற எதுவும் தெரியல," என்றாள் டாக்டர் கவலையோடு. "மாத்திரையும் சரியாக் கேக்க மாட்டேங்குது. காலைத் தூக்குங்க, பாப்போம்."

வலது கால் எழுந்தது. இடது கால் கட்டைவிரல் மேலே வர மறுத்தது. வா என்று கூப்பிட்டும் வராத விரலை ஆதம் வெறித்துப் பார்த்தான்.

"சீழ் நரம்பை அழுத்துது. இப்படியே போனா முதுகைத் திறந்து ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் நடப்பீங்களான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"நீந்துவேனா?"

"நான் நடக்கறதைப் பத்திப் பேசிட்டிருக்கேன் ஆதம் பாய்."

அவள் போன பிறகு ஆதம் துண்டை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டான். கால் போனாலும் போகட்டும், தம்பி யாகூப் படகில் வைத்துத் தீவுக்குக் கொண்டுபோவான், கேசர் நீந்துவதைப் படகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். ஆசை கணக்குப் போட்டால் அப்படித்தான் போடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹூர்பாய் தாமதமாக வந்தாள். எப்போதும் கறுப்புப் பாவாடை விசிறக் காற்று மாதிரி நுழைகிறவள், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் உட்காரும்போது ஒரு கை பின்னிடுப்பைத் தாங்கியது. அந்தக் கை போன இடத்தை ஆதம் பார்த்தான். அது அவனுக்குத் தெரிந்த இடம்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

அவள் கையைத் தொட்டான். கொதித்தது.

"வெயில்," என்றாள் அவள் முந்திக்கொண்டு.

"சாயங்காலமானா குளிருதா?"

"புருஷன் இல்லாத படுக்கை குளிராம என்ன பண்ணும்?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் இடுப்பைப் பிடிக்க, முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு வாரமா ராத்திரி ஒரே வேர்வை. எல்லாம் உங்களைப் பாத்து நானும் கத்துக்கிட்டேன் போல."

"ஹூர்பாய், நீயும் கேசர் பால்தான் குடிக்கிறியா?"

"வேற யார் பாலைக் குடிப்பேன்? உங்க துண்டைப் போத்திக்கிட்டுக் கறக்கறேன். கறந்த சூட்டுல அங்கயே மண்ணுல உக்காந்து குடிச்சிடுவேன். கேசர் என் தலைமேல மூச்சு விட்டுக்கிட்டு நிப்பா. அந்த நேரம் நீங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். அதுக்காகவே ரெண்டு வாய் கூடக் குடிப்பேன், போதுமா? உண்மையைச் சொல்லிட்டேன்."

 அவள் கன்றைத் தொடவில்லை. கன்று விழுந்த அன்று அவள் தன் தாய் வீட்டில் இருந்தாள். அப்படியென்றால் பால்தான். வேறு வழியே இல்லை. தன் முதுகைக் கேசருக்காகத் தானம் பண்ண அவன் தயாராக இருந்தான். இவள் முதுகை யார் கேட்டுக் கொடுத்தார்கள்?

ஹூர்பாய் தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். கட்டிலைச் சுற்றி அந்த வாசனை எழுந்தது. ஆதமின் நாக்கு ஊறியது. அதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் நாக்கு ஊறியது.

"கானஜி பாய், அந்த மணியை அடி. டாக்டரைக் கூப்பிடச் சொல்லு."

"வலிக்குதா?"

"அடின்னா அடி."

டாக்டர் அந்தானி வந்தாள். தூக்குவாளியைப் பார்த்தாள். ஹன்ஸாபென் பின்னாலேயே வந்து தூக்குவாளியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன் டாக்டர் பென்," என்றான் ஆதம். எல்லாவற்றையும் சொன்னான். கன்று, கை, பால், வெள்ளிக்கிழமைகள். பிறகு ஹூர்பாயின் நெற்றியைக் காட்டினான். "முதல்ல இவளைப் பாருங்க."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஆதமுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லாட்டியும் நான் ரத்தத்தை அனுப்பிப் பாத்திருக்கணும். கேட்டதோட நம்பிட்டேன், அது என் தப்பு. கால்நடைக்குக் கன்னு கலைய வைக்கிற இந்தக் கிருமி, பால் வழியா மனுஷனுக்கும் வரும், மெதுவா முளைக்கிறது. தெரிஞ்சிருந்தா தட்டை வீசாம இன்னும் பொறுத்துப் பாக்கச் சொல்லியிருப்பேன். பரிசோதனை பண்றவங்களையும் ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லியிருப்பேன், அவங்களையும் பிடிச்சுக்கும்." பெருமூச்சு விட்டாள். "நான் விரட்ட விரட்ட நீங்க வாராவாரம் புதுசா உள்ள அனுப்பிட்டு இருந்திருக்கீங்க."

"கேசரை என்ன பண்ணுவாங்க?"

"அது கால்நடை டாக்டர் முடிவு. சொல்லித்தான் ஆகணும். ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நான் சொன்னா, நீங்க என்கிட்ட சொன்ன மாதிரி அதுவும் பொய்."

அவள் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யப் போனாள். ஹூர்பாய் தூக்குவாளியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை நாளும் நான் சுமந்துட்டு வந்து என் கையால குடுத்தது..." என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பாலுன்னு தெரியாது. ஏதோ இருக்குன்னு தெரியும்."

"அப்ப ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"வேண்டாம்னு சொன்னா வெள்ளிக்கிழமை நீ எதைச் சாக்கு வச்சு வருவே?"

அவள் துண்டைச் சுருட்டி அவன் மார்பில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கானஜி இரும்பு வளையங்களோடு கஷ்டப்பட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்கும் அவ்வளவு நாகரிகம் உண்டு.

இரண்டு பேர் ரத்தத்திலும் அந்தக் கிருமியின் அடையாளம் தெரிந்தது. மருந்து மாறியது. ஆதமுக்கு ஊசியும், பல வாரத்துக்கு மாத்திரைகளும். ஹூர்பாயின் எலும்பில் கிருமி இன்னும் குடியேறவில்லை, படம் சுத்தமாக இருந்தது. அவளுக்கு மாத்திரையே போதும் என்றாள் டாக்டர். மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது, எந்தப் பாலாக இருந்தாலும் சரி, மருந்து உடம்பில் சேராது என்று ஹன்ஸாபென் தினமும் மிரட்டினாள். சாயங்காலக் காய்ச்சல் முதலில் போனது. ஒருநாள் காலையில் இடது கட்டைவிரல், கூப்பிடாமலே, மேலே எழுந்தது. ஆதம் அதை நாள் முழுக்கத் தூக்கித் தூக்கி இறக்கினான். ஆபரேஷன் பேச்சு அதோடு நின்றது.

முதுகில் பட்டை கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனபோது மேகம் கூடியிருந்தது. மந்தை முழுவதற்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். கேசர் ஒருத்தியின் காதில்தான் மஞ்சள் வில்லை. ஓட்டிப் போகாமல் இருக்க யாகூப் கெஞ்சிக் கூத்தாடியிருக்கிறான். கடைசியில் கால்நடை டாக்டர் இறங்கிவந்தார். மந்தையோடு சேர்க்கக் கூடாது. கறக்கக் கூடாது, மடி தானாக வற்றட்டும். ஆதம் கிட்டேயே போகக் கூடாது. கரையில் பீலு மரத்தடியில் முள்வேலி போட்டு அவளைத் தனியே கட்டியிருந்தார்கள்.

"காய்ச்சினா மடி வத்திப் போகும்னாங்க உங்கம்மா," என்றாள் ஹூர்பாய். "காய்ச்சாமலே வத்தப் போகுது." அவள் வீட்டில் இப்போது எந்தப் பாலும் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பை விட்டு இறங்குகிறது.

மந்தை தண்ணீருக்குக் கிளம்பிய அன்று ஆதம் கரையில் நின்றான். ஒட்டகங்கள் தண்ணீர் விளிம்பில் வந்து நின்று, திரும்பிக் கேசரைப் பார்த்தன. யாகூப் படகிலிருந்து கத்தினான். ஒன்றும் அசையவில்லை. வேலிக்குள் கேசர் கழுத்தை நீட்டிக் கனைத்தாள். நெடுநேரம் கழித்து அவளுடைய மூத்த மகள் ஒருத்தி, இன்னும் ஈனாதவள், தயங்கித் தயங்கிக் காலை நனைத்தாள். பிறகு இறங்கினாள். மற்றவை பின்னால் போயின. கழுத்துகள் வரிசையாகச் சிறுத்து அலையாத்திக் காட்டின் பச்சைக்குள் மறைந்தன.  நீந்தக் கூடாது என்று ஆதமுக்கும் உத்தரவு.

கரையில் மிச்சம் அவனும் கேசரும்தான். கூடாது என்று தெரிந்தும் வேலிவரை போனான். அஜ்ரக் துண்டு தோளில் இருந்தது. கேசர் வேலிக்கு மேலே கழுத்தை வளைத்து அதை முகர்ந்தாள். பிறகு அவன் முகத்தை முகர்ந்தாள். இந்தத் தடவை அவள் ஏமாற வேண்டியிருக்கவில்லை.

சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஆதம் குனிந்து பார்த்தான். யாரும் தொடாமலே அவள் மடியிலிருந்து பால் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு காம்பிலிருந்தும் மணலில் விழுந்து, நுரைத்து, உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் கைகள் தாமாகவே முன்னால் நீண்டன. அவற்றை இழுத்து, முதுகில் கட்டியிருந்த பட்டைக்கு மேலே, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் விட்டு முடிக்கும்வரை அப்படியே நின்றான்.